பாதியில் நிற்கும் காசெட்டுகள்

கனகலக்ஷ்மி பஸ் நின்ற பிறகு இறங்கி நான் பார்த்ததில்லை. வித்யாரண்யபுரம் கடைசி ஸ்டாப்பில் பஸ் திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும்போதே குதிப்பாள். நாலு எட்டு ஓடி, அந்த ஓட்டத்திலேயே எங்கள் கடைக்குள் நுழைவாள். உட்காரச் சொன்னால் ஸ்டூலில் பாதி உட்காருவாள். ஒரு கால் மடங்கியிருக்கும், இன்னொன்று தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். துப்பட்டாவின் முனை எப்போதும் வாயில். அந்தத் துப்பட்டாக்களில் ஒன்றுக்குக்கூட நாலு முனையும் ஒழுங்காக இருந்ததில்லை.

எங்கள் கடை வீடியோ காசெட் வாடகைக்குக் கொடுக்கும் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறேன். திரும்பி வரும் காசெட்டுகளை முதலுக்குச் சுற்றி வைப்பேன், காசெட்டை ஓட்டும் டெக்கைத் துடைப்பேன், யாராவது டெக்கையே வாடகைக்குக் கேட்டால் எடுத்துப்போய் அவர்கள் வீட்டு டிவியில் மாட்டிக் கொடுப்பேன். அதிகம் பேச வேண்டியதில்லை.

பாதிப் பேர் காசெட்டைச் சுற்றாமல்தான் திருப்பித் தருவார்கள். அது எந்த இடத்தில் நின்றிருக்கிறதோ அந்த இடத்தில் அந்த வீட்டார் எழுந்து போயிருக்கிறார்கள். ஒரே படம் நாலு வீட்டிலிருந்து ஒரே இடத்தில் நின்று வந்தால், அங்கே படம் படுத்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். இதை ஒரு நாள் கனகாவிடம் சொன்னேன். அவள் தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

"அக்கா, நீங்க எங்க காலேஜுல பாடம் எடுக்கணும்" என்றாள்.

அவள் சரஸ்வதிபுரத்தில் வீடியோ படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடப் படிப்பு. அப்பா ஹனூர் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர். அம்மா கமலம்மாள் இரண்டு வீட்டில் சமையல் செய்கிறவள். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம் என்று வளர்ந்தவள் கனகா. கோபம் வந்தால் முழுக்கக் கன்னடம்தான் வரும். பக்கத்து வீட்டில் அவளுடைய அத்தை பொன்னம்மா. நஞ்சன்கூட்டில் ஒரு ஊதுபத்தி கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில் பொன்னம்மா வேலை செய்தாள். தெருவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அவளோடு காலை ஆறு மணி பஸ்ஸில் போவார்கள்.

1996 மார்ச்சில் கனகாவின் கடைசிப் பரீட்சை வந்தது. நாலு நிமிடம் ஓடும் பாட்டு ஒன்று, அதற்குப் படம். அவ்வளவுதான் பரீட்சை. கனகா அந்த ஆறு மணி பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தாள். கூடப் படிக்கும் பரத் என்ற பையன் கன்னடத்தில் பாட்டெழுதி, மெட்டும் போட்டு, அவனே பாடினான். நல்ல குரல். காலேஜ் கேமரா மூன்று நாள்தான் கிடைத்தது. அந்த மூன்று நாளும் கனகா விடியுமுன் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். காலையிலும் மாலையிலும் பஸ்ஸுக்குள் ஏறினாள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கண்டக்டரிடம் திட்டு வாங்கினாள்.

ஆனால் படத்தை வகுப்பில் போட்டபோது எல்லோரும் சிரித்தார்களாம். ஏனென்றால் பஸ் கொஞ்சம்தான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் பரத் சாமுண்டி மலைப் படிக்கட்டில் மெதுவாக நடந்துகொண்டே பாடினான். டிவியில் அப்படித்தானே பாட்டு வருகிறது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். வாத்தியார் பிரசாந்த் சார் சிரிக்கவில்லை. அவர் சலித்துப்போனால் பேனாவால் மேஜையைத் தட்டுவார். பாட்டு முடியும்வரை தட்டினார்.

"இது யாருக்கு எடுத்தது?" என்று கேட்டார்.

"பஸ்ஸில் போற லேடீஸுக்கு சார்."

"அவர்கள் பார்த்தார்களா?"

பார்க்கவில்லை. முப்பது பேருக்குக் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதி வாங்கி, அதன்படி திருத்தி, அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்குள் கொண்டு வரச் சொன்னார். இல்லையென்றால் அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்றார்.

கனகாவுக்கு அடுத்த வருடம் கிடையாது. பேக்கிங் ஷெட்டில் ஏப்ரல் ஒன்றாம் தேதி ஓர் இடம் காலியாகிறது என்று பொன்னம்மா சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தாள். "பாஸானா உன் இஷ்டம். இல்லேன்னா அத்தைகூட பஸ் ஏறு" என்று அம்மாவும் முடிவாகச் சொல்லிவிட்டாள். அந்த ஷெட் ஒன்றும் மோசமான இடமில்லை. ஆனால் காலை ஏழிலிருந்து மாலை நாலுவரை ஒரே பலகையில் உட்கார வேண்டும். கனகா அதை நினைத்தாலே எழுந்து நின்றுவிடுவாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் படம் போட்டோம். டெக்கைக் கொண்டுபோய் மாட்டியது நான். கனகா காலேஜில் நகல் எடுத்த கேள்வித்தாள்களைக் கொடுத்தாள். மேலே பெயர், கீழே ஐந்து கேள்வி. தெருவே வந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள், இரண்டு மாமியார்கள். கமலம்மாள் ஒரு பெரிய குண்டான் நிறையக் கேசரிபாத் கிண்டியிருந்தாள். முந்திரி போட்டு, நெய் மிதக்க. முதலில் எல்லோர் கையிலும் ஒரு கிண்ணம் போனது. பிறகு படம் ஓடியது. நான் டெக்குக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் கனகா தாள்களைக் கடைக்குக் கொண்டு வந்து மேஜையில் பரப்பினாள். முப்பதிலும் ஒரே பதில். ரொம்ப நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு தாளில் மட்டும் குறை இருந்தது: கேசரியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

"எல்லாம் சுள்ளு அக்கா, பச்சைப் பொய்" என்றாள். ஒரு தாளை எடுப்பாள், வைப்பாள், வாசல்வரை போவாள், திரும்புவாள். "வகுப்புல சிரிச்சாங்க. இவங்க ஒருத்தர்கூட சிரிக்கலை. இதை வெச்சு நான் என்னத்தைத் திருத்தறது?"

"கேசரி சாப்பிட்டுட்டு யார் குறை சொல்லுவா?" என்றேன். "பெயர் வேற எழுதச் சொன்னே. அம்மா முகத்தை நாளைக்குப் பார்க்க வேண்டாமா அவங்க?"

நின்றவள் ஸ்டூலில் சரிந்தாள். அப்போதுதான் நான் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தைக் கொடுத்தேன். படம் ஓடும்போது நான் பார்த்தது திரையை அல்ல. டெக்கின் முன்பக்கம் நாலு எண் ஓடிக்கொண்டிருக்குமே, அதையும் அவர்கள் முகங்களையும்தான் பார்த்தேன். எந்த எண்ணில் பொன்னம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினாள், எந்த எண்ணில் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், எந்த எண்ணில் எல்லோரும் கிண்ணத்தை மறந்து முன்னால் குனிந்தார்கள் என்று குறித்து வைத்திருந்தேன்.

கனகா அதை மூன்று முறை படித்தாள். பிறகு என் கன்னத்தை வலிக்கக் கிள்ளினாள்.

பரீட்சைப் படத்தை வெட்டிக் கோத்து மிக்ஸிங் செய்து கொடுத்தது மண்டி மொஹல்லாவில் மாணிக்கவாசகம். அவருக்குக் கல்யாண வீடியோதான் தொழில். அது கல்யாண சீசன். சனிக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம்தான் கொடுக்க முடியும் என்றார். கனகா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவருடைய அறையில் ஒரு நாற்காலிதான் போட முடியும். மற்றவர்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு கல்யாண வீட்டார் இருந்தார்கள்.

"பேப்பரைக் குடுத்துட்டு உட்காரும்மா" என்றார். "வெட்டி எடுத்த இடத்துல என்ன போடணும்?"

"கேமரா டேப்பும் இருக்கு சார். அதுல ஏதாவது நல்ல ஷாட் பாத்து போடுங்க. பாட்டுல மட்டும் கை வைக்காதீங்க."

அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "நம்பரெல்லாம் கரெக்ட்தானேம்மா?"

இந்த இடத்தை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் கடையில் இரண்டு டெக் இருக்கின்றன. ஒரே காசெட்டை இரண்டிலும் போட்டால் எண்கள் ஒன்றாக ஓடாது. அந்த எண் காசெட்டுக்குச் சொந்தமில்லை, மெஷினுக்குச் சொந்தம். இது எனக்கு நன்றாகத் தெரியும். மாணிக்கவாசகத்தின் மெஷின் வேறு கம்பெனி என்பதும் கதவிடுக்கில் தெரிந்தது. சொல்ல வாய் எடுத்தேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலமே திருத்திய படத்தைத் தெருவுக்குப் போட்டாள் கனகா. இந்த முறை கேள்வித்தாளும் இல்லை, கேசரியும் இல்லை. கமலம்மாள் காபியாவது வைக்கிறேன் என்றதற்கு, "ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடுக்காதேம்மா" என்று அடுப்படியை மறித்து நின்றாள். ஷெட்டிலிருந்து நேராக வந்த பெண்கள் பசியோடு உட்கார்ந்தார்கள்.

படம் ஓடியது. பரத் படிக்கட்டில் நடந்தான். பிறகும் நடந்தான். பிறகு இன்னும் நெருக்கத்தில் நடந்தான், அவன் முகத்தைச் சுற்றி ரோஜாப்பூக்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. மாணிக்கவாசகத்துக்கு நல்ல ஷாட் என்றால் லட்சணமான முகம். லட்சணமான முகம் என்றால் சுற்றிலும் பூ. கல்யாண மாப்பிள்ளைக்கு அப்படித்தானே செய்வார்.

"ஏன் கண்ணு, இந்தப் பையன் எதுக்குப் படியில ஏறி ஏறி எறங்கறான்?" என்று பொன்னம்மா ஆரம்பித்தாள். "பஸ்ஸ உட்டுட்டானா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"ரோசாப்பூ வேற. பொண்ணு பாக்கப் போறான்போல" என்றது இன்னொரு குரல்.

எதிர்வீட்டு வடிவு மட்டும் சிரிக்கவில்லை. வடிவு தினமும் பஸ்ஸைத் தவறவிடப் பார்க்கிறவள். கனகா எடுத்திருந்த ஷாட் ஒன்றில் வடிவு டிபன் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் கொண்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். உள்ளேயிருந்து மூன்று கைகள் நீளும். அவள் தொற்றி ஏறியதும் சிரிப்பாள். புதன்கிழமை எல்லோரும் கிண்ணத்தை மறந்தது அந்த இடத்தில்தான்.

"நான் எங்கேடி?" என்றாள் வடிவு. "மூச்சு வாங்க ஓடினேனே, அது எங்கே போச்சு?"

அதுதான் போயிருந்தது. வெட்ட வேண்டியது நின்று, நிற்க வேண்டியது வெட்டுப்பட்டிருந்தது.

கனகா வெளியே போய்த் தெருக்குழாயடியில் நின்றாள். நான் பின்னாலேயே போய், தரையைப் பார்த்துக்கொண்டு, மெஷின் எண்களைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டியதையும் சொன்னேன்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

அவள் கன்னடத்தில் ஏதேதோ கத்திக்கொண்டு தெருமுனைவரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மூன்றாம் முறை வந்தபோது மூச்சு வாங்கியது.

"எண்ணெல்லாம் பேடா அக்கா. வேண்டாம். உங்க காகிதமும் வேண்டாம், என் கேள்வியும் வேண்டாம். இவங்களையே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "நீங்களும் வரணும். வாயைத் திறக்கலைன்னா அங்கேயே கிள்ளுவேன்."

பரத்துக்கு பூத்திலிருந்து போன் செய்தாள். நான் பூத்துக்கு வெளியே நின்றேன். கண்ணாடிக்குள் அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். குரல் இருக்கும், முகம் இருக்காது என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் பாட்டையும் எடுத்துவிடு என்று அவன் வைத்துவிட்டான். அவள் மறுபடி சுழற்றினாள். இரண்டாவது முறை நெடுநேரம் அவன்தான் பேசினான்போல. வெளியே வந்து, "ஒரு ஷாட்டாவது வேணுமாம். பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்திருக்கறது இருக்கு. அதை வெச்சுக்கறேன்னு சொன்னேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, வியர்வையைத் துடைத்தாளா தெரியவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாணிக்கவாசகத்தின் கதவைத் தட்டினோம். கனகா, வடிவு, பொன்னம்மா, நான். அவருக்குப் பத்து மணி முகூர்த்தத்துக்குக் கேமராவோடு போக வேண்டும். கையில் பாதி தேய்த்த சட்டை.

"என்னம்மா, பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா?" என்றார்.

"பஸ் வீட்டார்" என்றாள் வடிவு.

பொன்னம்மா வந்தது எனக்கு ஆச்சரியம். இந்தப் பெண் பாஸானால் சூப்பர்வைசர் முன்னால் தலை குனிய வேண்டியவள் அவள்தான். வழியில் கேட்டதற்கு, "பஸ்ஸைத் தப்பாக் காட்டறா. அது எங்க பஸ்ஸு" என்று மட்டும் சொன்னாள்.

கதவைத் திறந்து வைத்து, வடிவையும் பொன்னம்மாவையும் வாசல்படியிலேயே உட்கார வைத்து, மாணிக்கவாசகம் கேமரா டேப்பை முதலிலிருந்து ஓட்டினார். கனகா திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். இந்த முறை முகங்களைப் பார்த்தது அவள். நான் பேசத்தான் செய்தேன். மூன்று இடத்தில் "நிறுத்துங்க" என்றேன். முதல் முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை. கனகா கிள்ளக் கையை நீட்டியதும் இரண்டாவது முறை கேட்டது.

படிக்கட்டு போனது. ரோஜாப்பூ போனது. மாணிக்கவாசகத்துக்கு மனசே இல்லை. "ஒரு பூ? ஓரத்துல?" என்று கேட்டுப் பார்த்தார். வடிவு ஓடிவந்து ஏறினாள். டேப் மேலும் ஓடியது. மாலை பஸ் வந்தது. திரும்பி வரும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். பஸ் குலுங்கினால் எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குலுங்கின. நடுவில் பொன்னம்மா. வாய் திறந்திருந்தது.

கனகா சட்டென்று திரும்பி, "அது வேண்டாம், ஓட்டுங்க சார்" என்றாள்.

"நில்லு" என்றாள் பொன்னம்மா. "இதை ஏன் போடலை?"

"அத்தே, நீங்க வாயைத் திறந்துட்டு... கோவிச்சுக்குவீங்கன்னு..."

"தூங்கறவ வாயைத் திறக்காம காதையா திறப்பா? காலையில ஓடறதைக் காட்டற. ஓடிப் போய் எப்படித் திரும்பறோம்னு யாருக்குத் தெரியும்? இதைப் பாத்தாத்தான் தெரியும். போடு."

"அத்தே..."

"போடுன்னா போடு. சேலை நல்லாத்தான் கட்டியிருக்கேன்."

பாட்டின் கடைசி வரிகள் முழுக்க அந்தத் தூக்கம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு விநாடி, கடைசி சீட்டில் பரத். ஒன்பதேகாலுக்கு மாணிக்கவாசகம் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்.

திங்கட்கிழமை நடந்ததைக் கனகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரசாந்த் சார் முப்பது தாள்களைக் கேட்டிருக்கிறார். அவள் அவற்றைக் கட்டிக் கொடுத்து, மேலே தன் கையெழுத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறாள். இந்த முப்பதும் கேசரிபாத் சாப்பிட்டவர்கள் எழுதியவை, ஆகவே இவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை, அவர்கள் சொன்னதைவிட எங்கே திரும்பினார்கள், எங்கே குனிந்தார்கள், எங்கே சிரித்தார்கள் என்பதை வைத்துத் திருத்தினேன் என்று எழுதியிருக்கிறாள். என் எண்கள் பொய்த்த கதையையும் எழுதியிருக்கிறாள், என் பெயரைப் போடாமல். சார் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் போடச் சொல்லியிருக்கிறார்.

"நான் திரையைப் பாக்கலை அக்கா. சார் கையைத்தான் பார்த்தேன்."

"தட்டினாரா?"

"ஆரம்பத்துல ரெண்டு தட்டு. வடிவக்கா ஏறினதும் பேனாவைக் கீழே வெச்சார். அப்புறம் எடுக்கவே இல்லை."

பாஸ். முதல் வகுப்பெல்லாம் இல்லை, ஒளி சில இடத்தில் சரியில்லை என்று மார்க்கைக் குறைத்துவிட்டார். ஆனாலும் பாஸ்.

பொன்னம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "சூப்பர்வைசருக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கிணற்றுக்குள் பேசுவதுபோல் முணுமுணுத்தாள். ஏப்ரல் ஒன்றாம் தேதி கனகா அத்தையோடு ஆறு மணி பஸ்ஸில் போய் அந்த ஆளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அந்த இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். கனகா மாணிக்கவாசகத்திடம் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாண வீடியோக்களில் பூக்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதாக மண்டி மொஹல்லாவில் பேச்சு.

படத்தின் ஒரு பிரதியை எங்கள் கடையில் வைத்திருந்தோம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று. முதலில் எடுத்துப்போனது வடிவு. அவள் அக்கா வீட்டில் டெக் இருந்தது. நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். கனகா அப்போது கடையில் இருந்தாள். உறையிலிருந்து எடுத்தவள் முகம் மாறியது. காசெட் பாதியில் நின்றிருந்தது.

"பாதியிலேயே எழுந்து போயிட்டாங்க" என்றாள். துப்பட்டா முனை வாய்க்குப் போனது. "எந்த இடம்? எந்த இடத்துல அக்கா?"

நான் அதை டெக்கில் போட்டேன். டிபன் பையைப் பல்லில் கவ்வியபடி வடிவு ஓடி வந்தாள். அவள் ஏறும் இடத்தில் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நடுங்கியது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தால் டேப் அப்படித்தான் தேயும். நாலு நாளில் அவ்வளவு தேய்மானத்தை நான் எந்தக் காசெட்டிலும் பார்த்ததில்லை.

"சலிச்சுப் போய் நிறுத்தலை" என்று சொல்லிக் கோட்டைக் காட்டினேன்.

"நிஜமா?"

"நிஜமா."

அவள் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதுக்கும் கேட்டுட்டு வந்துடறேன்" என்று, செருப்பைக்கூட மாட்டாமல், வடிவின் வீட்டுக்கு ஓடினாள்.